நாற்பத்து மூன்று யார்?

ஹீயுமா தீவுக்கு எட்டு முகவரி வந்தது.
முதலாவது வேலிக்கால். கடைசி, எல்லோரையும் ஒருசேரக் கூவி அழைக்க.
நாற்பத்தொன்றைத் தந்தவர்களே வைத்துக்கொண்டார்கள்.
மிச்சம் ஐந்து. அதில் ஒன்று சர்வருக்கு.
அடுத்தது, நாற்பத்து மூன்று,
குதிரை வைத்தியர் ஆவோவின் எக்ஸ்ரே பெட்டிக்கு.

பழைய தீயணைப்பு நிலையத்தின் நிலவறை.
லீலோ ஓவர்கோட்டைக் கழற்றவில்லை.
காபி ஆறி, மேலே ஏடு கட்டியாயிற்று.

கரையிலிருந்து வாசல் ரவுட்டர் கேட்கிறது:
நாற்பத்து மூன்று யார்?
யாருமில்லை.
மறுபடி கேட்கிறது, அதே குரலில், கோபமில்லாமல்.
நாற்பத்து மூன்று யார்?
எக்ஸ்ரே பெட்டி ஆறு கிலோமீட்டர் தள்ளி
லாயத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது.
கேள்வி அதுவரை எட்டாது.
அதற்கு வீட்டுக்குள் ஒரு பெயர், பத்தில் தொடங்குவது;
உலகத்தில் லட்சம் வீடுகளில் அதே பெயர்.

சர்வருக்கு லீலோ ஒரு வரி எழுதுகிறாள்:
கேட்டால் நீ சொல். நீ அல்ல என்றாலும் சொல்.

நாற்பத்து மூன்று யார்?
நான்தான், என்றது சர்வர்.

பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.
தங்கை விர்வே பெர்கனுக்குப் போய் மூன்று வருடம்.
பதிவுத் தபால் இன்னும் கார்ட்லாவுக்குத்தான் வருகிறது.
தபால்காரப் பெண் விர்வேயா என்பாள்,
லீலோ நான்தான் என்று கையெழுத்துப் போட்டு
மஞ்சள் உறையில் இட்டு நார்வேக்கு அனுப்புவாள்.
ஒரே ஒருமுறை, சோம்பலில்,
வங்கிக்குத் தானே பதில் எழுதித்
தன் பெயரையே கீழே போட்டுவிட்டாள்.

இரவு இரண்டு. பாக்கெட்டுகள் உள்ளே போகின்றன.
எண்ணிப் பார்க்கிறாள்: போனது நாற்பது, வந்தது நாற்பது.
எக்ஸ்ரே பெட்டி ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்கிறது.
தார்த்துவில் காத்திருக்கும் டாக்டர் ஹெல்யோவின் திரையில்
ஒன்றுமில்லை.

இந்த மாதம் கரைக்குப் போக இரண்டு வழி.
கப்பல்; இல்லையேல் உறைந்த கடல்.
பனியில் போனால் சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட வேண்டும்,
முன்வண்டியை ஒட்டிப் போகக் கூடாது,
அரைகுறை வேகம் ஆகாது, அலை எழும்பிப் பனி பிளக்கும்.
கப்பலில் வந்தவர் பனியில் திரும்பலாம்.
எவரும் தடுப்பதில்லை.
வழி மாறினால் பொறுப்பார்கள்.

லீலோ எழுந்து நின்றாள்.
வங்கி திருப்பி அனுப்பிய அந்தக் கடிதத்தில்
இரண்டே வரி இருந்தது:
தங்களை எங்களுக்குத் தெரியாது.
நாங்கள் எழுதியது வேறொருவருக்கு.

விதிப் பட்டியலை மேலே தள்ளிப் பார்க்கிறாள்.
வெளியே போகும் எதற்கும் முகமூடி போடு,
எல்லாம் நாற்பத்திரண்டு என்று சொல்:
போன நவம்பரில் அவளே எழுதியது,
நூலகத்துக் கணினிகளுக்காக, அவசரத்தில்.
அதை அழித்தால் நூலகம் இருண்டுபோகும்.
அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தாள்.
நாற்பத்து மூன்று தன் பெயரிலேயே போகட்டும்.
இயந்திரம் மேலிருந்து கீழே படிக்கும்,
பொருந்திய முதல் வரியோடு நின்றுவிடும்.
கீழே என்ன எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

மூன்று நாற்பது.
தார்த்துவின் திரையில் சாம்பல் நிறம்,
பிறகு ஒரு விளிம்பு, பிறகு எலும்பு:
பதினோரு நாள் வயதுக் குதிரைக்குட்டியின் முன்னங்கால்,
வளரும் முனையில் மயிரிழைக் கீறல்.
ஆறு கிலோமீட்டர், ஒரு கடல், பாதி நாடு தாண்டி
ஒரு புள்ளியும் சிந்தாமல்.

கைபேசி அதிர்ந்தது. ஹெல்யோ எழுதியிருந்தார்:
நன்றாகத் தெரிகிறது.
இடது காலா, வலது காலா?

லீலோ படத்தைப் பார்த்தாள். படத்தில் எழுதியிருக்கவில்லை.
அனுப்பியவர் யார் என்று பாக்கெட்டில் இருக்கிறது,
போய்ச் சேரும் இடம் இருக்கிறது,
இன்னும் எத்தனை வாசல் தாண்டலாம் என்பதுகூட இருக்கிறது.

ஆவோவை எழுப்பினாள்.
நீண்ட மணி. நீண்ட மூச்சு.
யாரு?
நான்தான்.
இடது, என்றார் அவர்,
எதைக் கேட்கிறாள் என்று கேட்காமலே.