உச்சி

தன் உச்சந்தலையைத் தானே பார்த்தவர் யாருமில்லை.
மகன் நம்புராஜன் போனில் படமெடுத்துக் காட்டினான்.
கடல் வத்தும்போது தலைகாட்டும் பார் மாதிரி இருந்தது:
மஞ்சளாய்ப் பொருக்கு, நடுவில் சிவந்த குழி.
வள்ளத்தடியில் ஒட்டும் கொட்டலசுபோல
சுரண்டினாலும் மறுநாள் அதே இடத்தில்.

வேப்பெண்ணெய் வைத்தேன். ஒருநாள் மண்ணெண்ணெய்கூட.
"பேன்தான்" என்றாள் நாத்தி.
பாம்பன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
கையுறையோடு முடியை விலக்கிக்கொண்டே போய்
கண்ணாடி வார் பதியும் தடத்தில் விரலை நிறுத்தினார்.
ஆறு மணி நேரம் பாசிக்கு முங்கி,
ஈரத்தை அப்படியே கொண்டை போட்டு,
இரவெல்லாம் நகத்தால் நோண்டி
வந்த புண்.
சாமி குத்தம் ஏதுமில்லை.

மாத்திரை, வெள்ளைக் களிம்பு, நகத்தை வெட்டு.
வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு,
நுரை ஐந்து நிமிடம் தலையில் நிற்கணும்.
"கரையேறினதும் நல்ல தண்ணியில அலசிருங்க."

அதைச் சொல்லும்போது அவர் சீட்டைத்தான் பார்த்தார்.
சின்னப்பாலத்தில் நல்ல தண்ணி குடம் பன்னிரண்டு ரூபாய்.
லாரி வராத நாளில் காசுக்கும் கிடையாது.

முதல் நாள் அரைக் குடம்.
பிள்ளை குடிக்கிற தண்ணீர்
காதோரம் வழிந்து மணலுக்குள் போனது.
எரியவில்லை.
கண்ணை மூடிக்கொண்டேன்.
யாராவது பார்க்கிறார்களா என்று
உடனே திறந்தேன்.

இப்போது அந்த இடத்தில் முள்முள்ளாய் முடி.
வார் அழுத்தாமலிருக்கப் பழைய பனியன் துணி சுற்றி முங்குகிறேன்.
மருந்துக்கடையில் பாக்கி இல்லை.
தண்ணி லாரிக்காரனுக்கு
இரண்டு குடம் பாக்கி.