ஒன்பதடிக் கம்பி

பதினோரு மாதமாக எங்கள் படகின் எண்ணெய்த் தொட்டி
நிறைந்தே இருந்தது.
முகத்துவாரம் போய் வந்தாலும் நிறைவு,
கரையில் கட்டிப் போட்டாலும் நிறைவு.
முள் வலது கோடியில் சாய்ந்து
விருந்து முடித்த சம்பந்தியைப் போல
அசையாமல் கிடந்தது.
குத்துமதிப்பாக ஊற்றி ஓட்டினோம்.
நிறைந்திருக்கிறேன் என்பவரை
யார் போய்ச் சந்தேகப்படுவது?

போன வியாழன் இரவு
கிரியான் ஆறு கடலைத் தொடுகிற இடத்தில்
இஞ்சின் இருமி நின்றது.
தனராசு முள்ளைப் பார்த்தார். நிறைவு.
தொட்டியைத் தட்டினார். வெறும் டின் சத்தம்.
பெட்டியில் பதினெட்டுக் கிலோ கெளுத்தி.
வலப்பக்கப் பச்சை விளக்கும் எரியவில்லை.
சுவா வந்து கயிறு போட்டு இழுத்தபோது மணி மூன்று.
ஐம்பது வெள்ளி.
அவன் சிரித்தது தனிக் கணக்கு.

"மீட்டர் கெட்டுப் போச்சு, மாத்திடுவோம்."
பாரிட் புந்தார் கடையில் நூற்றெண்பது சொன்னார்களாம்.
நான் நிபோங் திபால் ஆலையில் வயரிங் பார்ப்பவள்.
செம்பனைக் குலை வேகும் ஆவியில் நின்று
மோட்டார்கள் சொல்லும் பொய்யை
ஒன்பது வருடமாகக் கேட்கிறேன்.
அளந்து பார்க்காமல் எதையும் குற்றம் சொல்ல மாட்டேன்,
புருஷனைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு
டெஸ்டரோடு ஆற்றங்கரைக்குப் போனோம்.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி நான்கு. நல்லது.
மீட்டரின் முதுகில் மூன்று கம்பி:
ஊதாவில் வருகிறது, கறுப்பில் போகிறது,
ரோஸ் தொட்டியின் சேதியைக் கொண்டுவருகிறது.
ரோஸைக் கழற்றினேன்.
முள் எழுந்து, யோசித்து,
இடது கோடிக்கு இறங்கியது.
"பாத்தீங்களா, மீட்டர் யோக்கியம்."
அவர் ஒரு கொசுவை அடித்தார்.

மறுபடி மாட்டிவிட்டுப் பின்பக்கம் போய்
தொட்டியின் தலையில் அதே ரோஸைக் கழற்றினேன்.
"இப்ப?"
"ஃபுல்லு."
கம்பியின் நுனி என் கையில், வெறும் காற்றில்.
இங்கே யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை;
அங்கே சேதி போய்ச் சேர்கிறது.
ஆக மிதவை மீதும் பழி இல்லை.
நடுவில்தான், பலகைக்கு அடியில்,
ஒன்பதடியில் எங்கேயோ.

பலகையைத் தூக்கினோம்.
செதில், துருப்பிடித்த தூண்டில் முள்,
மகள் தொலைத்த ஒற்றைச் செருப்பு,
அதற்காக வாங்கிய அடி அவளுக்கு ஞாபகம் இருக்கும்.
விரலை ஓட்டிக்கொண்டே போனேன், நாடி பார்ப்பதுபோல்.
ஆறாவது அடியில் கை நின்றது.

ஒரு ஸ்குரு.
மேலேயிருந்து இறங்கி
ரோஸ் கம்பியின் வயிற்றைத் துளைத்து
அலுமினிய விலாவில் ஊன்றி நின்றது.
தொட்டி வாயெடுக்கும்போதெல்லாம்
படகின் உடம்பே முந்திக்கொண்டு
இருக்கு, இருக்கு என்றிருக்கிறது.

அதற்கு மேலே என்ன இருக்கிறது
என்று நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.
வெள்ளோட்டத்தன்று காலை
சாமி படத்துக்குத் தட்டு வேண்டுமென்று
ஆலை டிரில்லை இரவல் வாங்கி
அடித்தவள் நான்.
இரண்டு அங்குல ஸ்குரு.
"ஒன்றரை போதும்மா" என்று அவர் சொன்னார்.
சொன்னார்தான்.

"என்ன அது?"
"உரசல்" என்றேன்.
ஸ்குரு என் சட்டைப் பைக்குள் போயிற்று.
புண்ணை வெட்டி, முறுக்கி, ஈயம் உருக்கி,
குழாய் மாட்டி லைட்டரால் சுட்டுச் சுருக்கினேன்.
சாவியைத் திருப்பினேன்.

முள் காலிக்கு ஒரு மயிரிழை மேலே வந்து
கொஞ்சம் நடுங்கி நின்றது.
அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.
"இப்பத்தான் நெசமாவே கெடுத்துட்ட."

எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு
ஸ்டேஷன் பக்கம் நடக்கிறார்.
மூன்று ஸ்குருவில் நின்ற தட்டு
இரண்டில் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது,
முருகனும் மயிலும் சேர்ந்து.
திரும்பி வந்ததும் கேட்பார்.
பச்சை விளக்கை நான் இன்னும் தொடவில்லை.
பேச்சை மாற்ற அதுவாவது இருக்கட்டும்.