எது முந்துகிறதோ அது

கையேட்டின் எழுபத்தோராம் பக்கம் சொல்கிறது:
எண்ணாயிரம் கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம்,
எது முந்துகிறதோ அது.
எழுதியவர் எட்மன்ரனில் இருந்திருக்கமாட்டார்.
இங்கே ஆறு மாதம் என்பது
ஒரே ஒரு குளிர்காலம்.

கராஜுக்குள் மைனஸ் ஒன்பது.
முன்சில்லுகள் சாய்தளத்தில், பின்சில்லுக்குக் கட்டை.
குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையை விரித்து
மல்லாந்து உள்ளே போகிறேன்.
"இப்பக்கம் மேலே" என்ற அம்புக்குறி
என் கால்களைக் காட்டுகிறது.

பதினாலாம் நம்பர் சாவி. அரைச் சுற்று. பிறகு விரல்.
கடைசிப் புரியில் எப்போதும் ஒரு தயக்கம்,
எனக்கா அதற்கா தெரியாது.
பிறகு இளஞ்சூடாய்க் கறுப்பு ஒயில்
மணிக்கட்டு வழியே சட்டைக் கைக்குள் இறங்குகிறது.
தை மாதத்தில் என்னைச் சூடாகத் தொட்டது
இது ஒன்றுதான் என்று தங்கைக்குச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.

செம்பு வளையம் புதிது. ரசீது இருக்கிறது.
பில்டர் புதிது, முதுகில் மார்க்கரால் திகதியும் ஓட்டமும்.
ரசீது இருக்கிறது.
ஒயில் நாலரை லீற்றர், கையேடு கேட்ட அதே தரம்.
போத்தலை ஓட்டமானிக்குப் பக்கத்தில் பிடித்துப்
படமெடுத்தாயிற்று.
முறுக்குச் சாவி முப்பத்தேழில் ஒரு தடவை
டிக் என்றது.
அதற்குத்தான் ரசீது இல்லை.
கொப்பியில் எழுதினேன்: கேட்டது.

"டீலரிட்டயே விடும் பிள்ளை, வாறன்டி போயிடும்"
என்பா வேலையிடத்துத் தேவகுஞ்சரி அக்கா.
போகாது அக்கா.
ஆர் செய்தது என்பதல்ல,
செய்ததா என்பதுதான் கேள்வி.
செய்ததா, எப்போது, எதைக்கொண்டு, ஆதாரம் என்ன.

இந்தக் கேள்விக்கொத்து எனக்குப் பழக்கம்.
பதினோராம் மாடி. நீள மேசை.
மொழிபெயர்ப்பாளருக்குத் தடிமன்.
"வீட்டை விட்டு வெளிக்கிட்ட திகதி?"
மழை பெய்தது என்றேன்.
"ஆதாரம்?"
செருப்பு நனைந்திருந்தது என்றேன்.
அது ஆங்கிலத்தில் என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ,
எழுதிக்கொண்டார்கள்.
இரண்டாம் முறைதான் ஏற்றார்கள்.
நடுவில் மூன்று வருடம்.
எண்ணாயிரமும் ஓடவில்லை, ஆறு மாதமும் முந்தவில்லை,
அப்படியே நின்றேன்.

ஒயில் மாற்றி நாலாம் கிழமை, மாசியில்,
வெண்பனியில் றோஸ் நிறத்தில் ஒரு பொட்டு.
தண்ணீர்ப் பம்ப் கசிகிறது.
ஓட்டம் எண்பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பத்து.

டீலரின் மேசையில் ஹர்லீன் என்ற பெட்டை.
"எங்கட கணினியில் உங்கட காருக்கு
ஒன்றுமே இல்லையே."
பையைத் திறந்து
பதினொரு பொலித்தீன் உறைகளை அடுக்கினேன்.
ரசீது, படம், பழைய ஒயில் கொண்டுபோய்க் கொடுத்த துண்டு.
அவள் பொறுமையாகப் பார்த்தாள். அவசரப்படாத கை.
ஒன்பதாவதில் நின்றது.
"இது ஆயிரத்து நூறு பிந்தியிருக்கு. ஏன்?"

கொப்பியைத் திருப்பினேன்.
அந்தத் திகதிக்கு நேரே என் கையெழுத்து:
அப்பா. கடவுச்சீட்டு வரவில்லை.
சஸ்கற்றூன் வரை போய்த் திரும்பினேன்.
அங்கே வேலை ஒன்றுமில்லை.

"என்ன எழுதியிருக்கு?"
அந்த மேசையில் தமிழ் தெரிந்தது எனக்கு மட்டும்.
தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தேன்:
"நெடுஞ்சாலை ஓட்டம்."

அவள் தட்டச்சு செய்தாள்.
செய்துகொண்டே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.
அவ்வளவுதான்.
பம்ப் இலவசம். கூலி இலவசம்.
கடுதாசியில் மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

சாவியைத் தரும்போது சொன்னாள்:
"இன்னும் பத்தாயிரம்தான். பிறகு வாறன்டி முடிஞ்சிடும்.
இந்தக் கொப்பி, உறையெல்லாம்
தேவைப்படாது உங்களுக்கு."

வரும் வழியில் கடையில் இறங்கிச்
செம்பு வளையம் பத்து வாங்கினேன்.
மொத்தமாக எடுத்தால் மலிவு.
ரசீது இருக்கிறது.