சாவி ஒப்படைக்கும் நாள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு
திருமதி காஃப்லிஷ் வருவார்,
ஒரு கையில் டார்ச், மறு கையில்
நான்கு பக்கப் பட்டியல்.
கூர் நகரில் வீடு காலி செய்கிறவர்களுக்கு
தீர்ப்பு நாள் என்று தனியாக ஒன்று கிடையாது.

வியாழன் ஏழு மணிக்கே
ஃப்ளுரின் வந்துவிட்டான்,
போன மாதம் வரை தன் வீடாயிருந்ததற்கு
அழைப்பு மணி அடித்துவிட்டு.
இரண்டு வாளி, ஓர் ஏணி,
ஒன்பது வருடத்து அழுக்கு.
பேச வேண்டியதையெல்லாம்
வக்கீல்கள் எங்களுக்காகப் பேசி முடித்திருந்தார்கள்.

முதல் தப்பு அவனுடையது.
(வழக்கம்போல என்று சொல்ல வாயெடுத்து
விழுங்கிக்கொண்டேன்.)
தரையிலிருந்து ஆரம்பித்தான்.
பளபளவென்று துடைத்து முடித்த பிறகு
விளக்குக் கூண்டின் தூசி,
அலமாரி உச்சியின் தூசி,
திரைக்கம்பியில் செத்துக் கிடந்த இரண்டு வண்டுகள்
எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.
தூசிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், மேலிருந்து கீழ்.
துடைக்கிறவனும் அதே வழியில் வர வேண்டும்.
அதிலும் சொட்டச் சொட்ட ஒரு துணி!
மரத்தரைக்கு ஈரத்தைக் காட்டினால் போதும்,
குளிப்பாட்டக் கூடாது.

அடுத்தது நான்.
அவனுக்குள்ள மொத்தத் தவறும்
அடுப்பின் உட்சுவரில் ஒட்டியிருப்பதுபோல
நுரையைத் தெளித்த கையோடு
தேய்க்கத் தொடங்கினேன்.
மணிக்கட்டு விண்ணென்று வலித்தது, கரி அசையவில்லை.
புட்டியின் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததை
அவன் வாசித்துக் காட்டினான்:
பதினைந்து நிமிடம் ஊற விடவும்.
விட்டோம்.
வெறும் சமையலறைத் தரையில்
ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து
ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
சும்மா இருப்பது எங்கள் இருவருக்குமே
கைவந்ததில்லை.
பிறகு ஒரே இழுப்பில்
ஒன்பது குளிர்காலத்துப் பாலாடைக்கட்டி
கரைந்து வந்துவிட்டது.

குளியலறையில் அவன் பிளீச்சை ஊற்றியிருந்தான்.
அது தெரியாமல்
குழாயின் உப்புக்கறைக்கு வினிகரோடு போனேன்.
சாய்க்கப் போன கையை எட்டிப் பிடித்தான்.
"ரெண்டையும் சேர்க்காதே, உர்சினா!
விஷப்புகை வரும்."
ஜன்னலைத் திறந்தான்.
"தனித்தனியா வெச்சா ரெண்டுமே நல்லதுதான்,"
என்று சொல்லிவிட்டு
குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
அப்புறம் புட்டியைக் கொண்டுபோய்
யார் கையும் படாத இடமாக
சமையலறை ஜன்னல் திண்டில் பத்திரமாக வைத்தேன்.

கண்ணாடிகளை உச்சி வெயிலில் துடைத்தது
கூட்டுத் தவறு.
துணி நகர்வதற்குள் தண்ணீர் காய்ந்து
கோடு கோடாய்,
யாரோ கோபத்தில் கிறுக்கியதுபோல் நின்றது.
வெயில் கலாண்டா மலைக்குப் பின்னால் போனதும்
அத்தனையும் மறுபடி.
இருட்டில் ஏணியை மடித்தோம்.
போய் வருகிறேன் என்றான்,
பழக்கதோஷம்.

திருமதி காஃப்லிஷ்
ஹீட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.
குளிர்பெட்டியின் ரப்பர் மடிப்பை விரலால் பிளந்தார்.
புகைபோக்கியின் வலையைக் கழற்றி
முகர்ந்தே பார்த்தார்.
ஒரு குறை இல்லை.
அவர் பேனாவை மூடப் போகையில்
ஜன்னல் திண்டு கண்ணில் பட்டது.

வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அதன் நடுவில்
புட்டியின் அடிப்பாகம் அளவுக்கு
மங்கலாய் ஒரு வட்டம்.
நான் துணியை எடுத்தேன்.
"வேண்டாம்," என்றார்,
ஏறக்குறைய அன்பாக.
"இது அழுக்கில்லை. வினிகர் ஒழுகி
கல்லையே தின்றிருக்கிறது.
துடைத்தால் போகாது."

நூற்றெண்பது ஃபிராங்க்.
ஆளுக்குத் தொண்ணூறு என்று
படிக்கட்டில் நின்றே கணக்கை முடித்தோம்.
யார் புட்டி, யார் வைத்தது என்று
அவன் கேட்கவில்லை.
இதே பழைய வீடாயிருந்தால் கேட்டிருப்பான்,
நானும் பதில் வைத்திருப்பேன்.

அடியில் ஒரு சாஸரை வைத்திருக்கலாம்.