பூஜ்ஜியம் என்றால்

ஷார்ஜா, சனையா பத்து.
டயர் கடைக்கும் கண்ணாடி அறுக்கிற கடைக்கும் நடுவில்
ஒரு கிடங்கு. உள்ளே
அஃப்ராவின் கடல்.

கடல் என்றால் நான்கு புரொஜெக்டர், ஒரு கணினி,
கூரையில் ஆழம் அளக்கும் கேமரா,
என் ஏழு வாரத் தூக்கம்.
யாராவது நடந்தால் தண்ணீர் விலக வேண்டும்,
நின்றால் காலைச் சுற்றி ஈரமணல் தெரிய வேண்டும்,
போனபின் மெதுவாக மூட வேண்டும்.
மெதுவாக என்றால் எவ்வளவு என்று கேட்டேன்.
"கோபம் ஆறுகிற அளவு."
இரண்டரை நொடி என்று எழுதிக்கொண்டேன்.
"அது யாருடைய கோபம்?" என்று சிரித்தாள்.
ஒன்பது நொடியில் ஒத்துப்போனோம்.

நான் ஃப்ரீலான்ஸ்.
நான் செய்கிற வேலைக்கு விசா பட்டியலில் பெயர் இல்லை;
வெப் டிசைனர் என்று போட்டுக் கொடுத்தார்கள்.
அம்மாவிடம் லைட்டு வேலை என்றேன்.
கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரியா என்றாள்.
கிட்டத்தட்ட.

திறப்புக்கு மூன்று நாள் இருக்கையில்
பெயின்ட் பட்ட ஜீன்ஸை விட்டு
முதல்முறையாக அபாயாவில் வந்தாள் அஃப்ரா,
விழாவன்று நடப்பதுபோல் நடந்து பார்க்க.
கடல் அசையவில்லை.
நடுத்தரையில் நின்றாள். அலை அவள்மேல் ஏறிப் போனது,
வெறுந்தரைமேல் போவது போல.
திரையில் பார்த்தேன்:
இரண்டு கைகள், கேமராவை அண்ணாந்து பார்க்கும் முகம்,
மூன்றும் தனித்தனியாகக் காற்றில்.
மற்றதெல்லாம் பூஜ்ஜியம்.

இந்தக் கேமராவுக்குப் பூஜ்ஜியம் என்றால்
தூரமே இல்லை என்றல்ல,
தெரியவில்லை என்று பொருள்.
அகச்சிவப்பை வீசும்; திரும்பி வருவதை எண்ணும்.
சில கறுப்புத் துணிகள் வாங்கிக்கொண்டு
திருப்பித் தருவதே இல்லை,
இங்கே சில கிளையண்டுகளைப் போல.

அன்றிரவே சரிசெய்தேன்.
பூஜ்ஜியங்கள் கூட்டமாக நகர்ந்தால்
அதுவும் ஒரு ஆள்தான் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க
ஆறு மணி நேரம்.
காலையில் கரக் டீயோடு நடந்து பார்த்தாள்.
விலகியது. திரும்ப நடந்தாள்.
"முந்தி இருந்ததை வை."
"அது பிழை."
"தெரியும்."
டீயில் ஆடை படியும்வரை காரணத்துக்குக் காத்திருந்தேன்.
"அலை என்மேல் ஏறினபோது நன்றாக இருந்தது, ஜெசிந்தா."
அவ்வளவுதான்.

நான் விடவில்லை.
சாதனம் ரிப்பேர் என்பார்கள், என் பெயர் கெடும் என்றேன்.
"உன் பெயர் எங்கே இருக்கிறது?"
கேலியா, நிஜமாகவே கேட்டாளா, இன்றுவரை தெரியாது.
சுவரில் அவள் பெயர் இரண்டு மொழியில், முழங்கை உயரம்.
கீழே நன்றிப் பட்டியலில்
ஏசி கம்பெனிக்கு அடுத்து நான்.
மறுநாள் ஸ்டிக்கர்காரனைக் கூப்பிட்டாள்.
அவள் பெயருக்கு அருகே என் பெயரும் ஏறியது,
ஒரு எழுத்து குறைவாக.

திறப்பு நாள்.
வெள்ளைக் கந்தூராக்களுக்கு
ராஜமரியாதையோடு விலகியது தண்ணீர்.
பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கடலைக் கிழித்தார்கள்.
அஃப்ராவின் அத்தைமார் மூன்று பேர் வந்தார்கள்.
அவர்களைக் கடல் கண்டுகொள்ளவில்லை.
நான் சுவரோரம் நகம் கடித்தேன்.
நடு அத்தை நின்றாள்.
தன்னை நோக்கி வரும் நீலத்தைப் பார்த்தாள்.
குனிந்து, அபாயாவின் ஓரத்தை
நான்கு விரற்கடை தூக்கிப் பிடித்தாள்,
நனையாமலிருக்க.

வழி கிடைத்த யாரும் அன்று
எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை.

எல்லோரும் போனபின் கணக்கு எழுதினேன்.
பிழை திருத்தம், ஆறு மணி நேரம்.
அடித்தேன். திரும்ப எழுதினேன்.
அணைக்கும்முன் ஒருமுறை,
எனக்கும் ஏறட்டும் என்று நடுவில் போய் நின்றேன்,
மேடைப் பணியாள் போட்டுக்கொள்ளும் கறுப்புச் சட்டையில்.
கடல் விலகியது.

பருத்தி. தெராவில் பத்து திர்ஹம்.
நம் கண்ணுக்குக் கறுப்பு, கேமராவுக்கு வெளுப்பு.

காலடியில் ஈரமணல், வட்டமாக.
நான் நிற்கும்வரை மூடாது,
அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.