பணியாளர் அல்லர்

கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.
ஆறு வாரம், மே வெயில்.
மூன்றாம் ஆண்டுப் பரீட்சை முடித்த கையோடு
வந்திருக்கிறேன்.
'தொழிலாளி' என்றால் யார்
என்கிற பிரிவு மனப்பாடம்.

உசிலம்பட்டி பஸ்ஸில் வந்தார் ஒச்சம்மாள்.
கப்பலூர் மில்லில் கழிவுப்பஞ்சு அள்ளியவர்.
சேர்ந்த தேதி கேட்டேன்.
"அழகர் ஆத்துல எறங்குன மறுநா."
எந்த வருசம்மா?
"ஆத்துல தண்ணி இல்லாத வருசம்."

போனில் பழைய நாட்காட்டிகளைத் துழாவினேன்.
வருடா வருடம் இறங்கியிருக்கிறார்,
முக்கால்வாசி மணலில்தான்.

சம்பளச் சீட்டு கிடையாது. பி.எஃப். கிடையாது.
முந்தானை முடிச்சில்
ஒரு பித்தளை டோக்கன், 214,
வெற்றிலைக் காம்போடு.
மில் போட்ட பதிலுரையில்:
'மனுதாரர் எக்காலத்திலும்
எமது பணியாளர் அல்லர்.'

இந்த வரியை எங்கோ படித்திருக்கிறேன்.
நேற்று அரசரடி சிக்னலில் பஸ் நிற்கையில்
ஞாபகம் வந்தது:
சேர்ந்த அன்று நான் கையெழுத்திட்ட தாள்,
நாலாவது பத்தி.

"ஒனக்கு எம்புட்டுத் தாராக?"
காசு இல்லம்மா. கடைசியில ஒரு சர்டிபிகேட்.
"அதையாச்சும் பத்திரமா வச்சுக்க."

டோக்கனை நீட்டினார். சூடாக இருந்தது.
உறையில் போட்டு
'மனுதரப்பு சான்றாவணம் 1' என்று எழுதினேன்.
அவர் நகரவில்லை.
"வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடு."

அலுவலக ரசீதுப் புத்தகத்தில்
பெயர் எழுதினேன், தேதி எழுதினேன்.
கையெழுத்துக்குக் கீழே
'பதவி' என்று ஒரு கோடு.

மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் போட,
ஒச்சம்மாள் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்,
நான் எழுதட்டும் என்று.