ஒன்றரைச் செக்கன்

ஒலுமடுவில் எங்கள் வளவுக்குச் சிக்னல் வருவது
கிணற்றுக்கட்டின் வடக்கு மூலைக்கு மட்டும்.
அதுவும் இரவு பத்தரைக்குப் பிறகு.
அதற்கு முன் ஊர்ப் பொடியள்
கிரிக்கெட் பார்த்தே ரவரை உறிஞ்சிப்போடுவார்கள்.
கட்டாரில் அப்போது எட்டு மணி,
இவர் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்பார்.

முதலில் வீடியோவை நிற்பாட்டினோம்.
ரீலோட் காட்டைச் சுரண்டும்போதே எடுத்த முடிவு:
முகம் வேண்டாம், குரல் போதும்.

பிறகு பழகினது பொறுக்க.
சொல்லிவிட்டுப் பொறு.
இடையில் "கேக்குதோ" என்று கேட்டால்
அது போய் அவருடைய பதிலில் முட்டும்.
"நீ சொல்லு", "இல்லை நீங்கள் சொல்லுங்கோ" என்று
வாய்க்கால் பாலத்தில் எதிரெதிரே வந்த
இரண்டு சைக்கிள் மாதிரி நிற்போம்.
டேட்டா ஓடிக்கொண்டேயிருக்கும்.

வசனம் முடிந்தால் "ஓவர்" சொல்லுவமோ என்றேன்.
அந்தச் சொல் வேண்டாம் என்றார்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
"ம்" என்று வைத்துக்கொண்டோம்.

ஒருநாள் அளந்தோம்.
போனை நகத்தால் தட்டுவேன்,
கேட்டதும் அவர் தட்டவேணும்.
மகளின் மணிக்கூட்டில் செக்கன் கம்பியைப் பார்த்தபடி
பத்துத் தரம்.
போய்வர ஒன்றரைச் செக்கன்.
ஒருதரம் மட்டும் இரண்டு:
யாரோ அங்கே உப்புக் கேட்டிருக்கிறான்.

யானைக்கு வெடி கொளுத்தினால்
நான் திடுக்கிட்டு முடிந்தபிறகுதான்
அவர் அங்கே திடுக்கிடுவார்.

சண்டை பிடிக்க உதவாது இந்த லைன்.
நான் கத்தினது போய்ச்சேர முன்னமே
எனக்கு அழுகை வந்துவிடும்.
அவரோ கத்தினதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்,
அழுகிறவளுக்கு.

நேற்றுக் கேட்டேன்:
"மாசியோடை கொன்ராக்ட் முடியுதெல்லோ,
வாறியளோ? ம்."

ஒன்று.
ஒன்றரை.
கிணற்றுக்குள் தவளை ஒன்று குதித்தது.
இரண்டு.
நான் அசையவில்லை,
கட்டில் குந்தின இடத்திலேயே இருந்தேன்.
மூன்று.
திரையின் மேல்மூலையில் கோடுகள் எல்லாம்
முழுசாய் நின்றன.
நாலு.

ஒன்றரையைக் கழித்தேன்.

"லைன் சரியில்லைப்போல, இஞ்சை
விட்டு விட்டுத்தான் கேக்குது" என்றார்,
ஒரு எழுத்தும் உடையாமல்.

"ம்" என்றேன்.